எட்டாம் நம்பர் வலது கால்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை கால்கள் உண்டோ, அவற்றில் பாதியை நேரில் பார்த்து, நலம் விசாரித்து, நாலு வார்த்தை திட்டியும் அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார். மீதிப் பாதி இன்னும் அவர் கையில் சிக்கவில்லை, அவ்வளவுதான். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. திருக்கோகர்ணத்தில் யாரைக் கேட்டாலும் ‘டோக்கன் அக்கா’ என்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களின் செருப்பை வாங்கி அடுக்கிவைத்து, தகர டோக்கன் கொடுப்பது அவர் வேலை. அந்தச் செருப்புக்குள் இருந்த காலுக்கு என்ன கோளாறு என்று சொல்வது, யாரும் கொடுக்காமல் அவரே எடுத்துக்கொண்ட வேலை.

முகம் அவர் நினைவில் நிற்காது. வருஷக்கணக்காக வாராவாரம் வரும் ஒரு பெரிய அதிகாரி, ஒருநாள் புதுச்செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். அக்கா அவரை ஊருக்குப் புதுசு என்று நினைத்து, கோயில் எந்தப் பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏதோ யோசித்தவர் போல வலது காலை லேசாகத் தூக்கிக் காட்டினார். உடனே அக்கா மலர்ந்துபோய், “அட, கட்டைவெரலுக்கு வெளிப்பக்கம் காய்ப்பு. நீங்களா? சௌக்கியமா இருக்கீங்களா?” என்றார். அதிகாரிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

இந்த ஞானம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கோயில் வாசலுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு தோல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தவர். டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு காலாகப் பார்த்து விளக்குவார். அக்கா திரைக்கு இந்தப் பக்கம் நின்று அத்தனையையும் கேட்பார். டாக்டர் வயதாகி மகனோடு வெளியூர் போனதும், டோக்கனும் காதுமாக அக்கா இங்கே வந்து சேர்ந்தார்.

ஆனால் ஒரு கொள்கை வைத்திருந்தார். எது ஆணி, எது மரு, எது வெறும் காய்ப்பு என்று பிரித்துச் சொல்வார். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சொல்லமாட்டார். “அதுக்குப் படிச்சவங்க இருக்காங்க, அங்கிட்டுப் போங்க” என்று பஸ் ஸ்டாண்டு திசையைக் காட்டுவார். கறுப்பாக, ஓரம் கோணலாக, நாளுக்கு நாள் பெரிதாகிற மச்சம் போல எதையாவது உள்ளங்காலில் பார்த்துவிட்டால் மட்டும் திசை காட்டுவதோடு நிற்கமாட்டார். தானே ஆட்டோவைக் கூப்பிட்டு ஆளை ஏற்றி டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் அடுத்த செருப்பைத் தொடுவார். சாமி கும்பிட வந்தவர் கும்பிடாமலே போக வேண்டியதுதான்.

இலுப்பூரிலிருந்து ஒரு கடலை வியாபாரி வந்தார். பதினோரு மாதமாகக் குதிகாலில் ஆணி என்று நொண்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கவிழ்த்துப்போட்ட பால் கூடையில் உட்காரவைத்தார். அந்தக் கூடைதான் அவருடைய ஆஸ்பத்திரி. காலைத் தன் முழங்கால்மேல் வைத்து, நாலு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, பதினோரு மாதத்துக்கு முன்னால் எந்தக் காட்டில் நடந்தீர்கள் என்று கேட்டார். அக்கா சொல்லிப் போன இடத்தில் டாக்டர் வெளியே எடுத்தது அரை அங்குலக் கருவேல முள். வியாபாரி அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் எதையும் பாதி படித்துவிட்டு முழுதாக விளக்குகிற ஜாதி. ஆபீஸில் யாருக்குத் தும்மல் வந்தாலும் காரணம் சொல்வேன். காரணம் சரியாக இருந்ததாக யாரும் இதுவரை வந்து சொன்னதில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் பேசுவதில்லை.

அப்படிப்பட்ட எனக்கு வலது உள்ளங்காலில், இரண்டாவது விரலுக்குக் கீழே, துவரம்பருப்பு அளவில் ஒன்று முளைத்தது. என் வயிறு இடையில் இருப்பதால் என் உள்ளங்காலை நான் நேரில் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. மனைவியின் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி நின்று பார்த்தேன். அரை நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டேன், கால் ஆணி. என் மேலதிகாரிக்கும் கால் ஆணி இருந்தது. அவருக்கு இருப்பது எனக்கும் வந்ததில், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வைத்தியமும் நானேதான். மெடிக்கலில் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன். உரிந்ததைப் பிளேடால் சீவினேன். தினமும் குளிக்கும்போது பாத்ரூமில் கிடக்கும் பாதம் தேய்க்கிற கல்லை எடுத்துத் தோல் சிவக்கத் தேய்த்தேன். தேய்த்துவிட்டுக் கல்லை இருந்த இடத்திலேயே வைப்பேன். என் ஒழுங்கைப் பற்றி எனக்கே அப்போது நல்ல அபிப்பிராயம்.

அக்காவிடம் நான் முதலில் மாட்டியது அந்தச் சமயத்தில்தான். செருப்பை வாங்கியவர் அடியிலிருந்த அளவு நம்பர் தெரிய அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வலது செருப்பில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து, விரல் பக்கம் புதுசு போல இருந்தது. நோகிற இடத்தைத் தூக்கித் தூக்கி நடந்ததன் அடையாளம் அது.

“எட்டாம் நம்பர், வலது கால்ல ஏதோ வச்சிருக்கீங்க. ஒக்காருங்க, பாப்போம்” என்றார்.

கோயில் வாசலில், நாலு பேர் பார்க்க, ஒரு பெண்மணியின் மடிக்கு நேரே காலை நீட்டுவதா? தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற ஊர் இது. ஆனால் நான் உட்காராததற்கு அந்த மரியாதை காரணம் என்று சொன்னால் பொய். எனக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். வெறும் ஆணி என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த வழியாகப் போனால் பஸ்ஸிலேயே போக ஆரம்பித்தேன். சாமியை வீட்டிலிருந்தே கும்பிட்டேன்.

இதற்கிடையே என் ஒரே மகள் கயலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்று மாதம் இருந்தது. வீடியோ எடுக்கிற தம்பி வீட்டுக்கு வந்து, மண்டபத்தில் மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்.ஈ.டி. திரை வைப்பதாகச் சொன்னார். முக்கியமான இடம் பாதபூஜைதான் என்றார். பெண் தன் கையால் அப்பா அம்மா காலுக்குப் பாலும் தண்ணீரும் ஊற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கிற காட்சி. அதைக் கிட்டப்போய் எடுத்தால் அழாத ஆளே இருக்கமாட்டார்களாம்.

என் உள்ளங்காலில் அந்த வாரம் ஒன்று மூன்றாகியிருந்தது. கயல் காலைத் தூக்கித் துடைக்கும்போது சுவர் அளவுத் திரையில் அதைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் அழுவார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. பிளேடை இன்னும் வேகமாகப் போட்டேன்.

பிறகு ஒருநாள் என் மனைவி சரசு, தன் குதிகாலிலும் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னாள். நான் கைக்கண்ணாடிகூட இல்லாமல் பார்த்துவிட்டு, உனக்கும் ஆணிதான், செருப்பை மாற்று என்றேன். சரசு முப்பது வருஷமாக என் தீர்ப்புகளைக் கேட்டு வருகிறவள். தலையை ஆட்டிவிட்டு நேரே திருக்கோகர்ணத்துக்கு ஆட்டோ பிடித்தாள். திரும்பி வந்ததும் முதலில் பாத்ரூமுக்குப் போனாள், பாதம் தேய்க்கிற கல்லை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தாள், குப்பை வண்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். அப்புறம்தான் சொன்னாள்.

“மருவாம். பரவுமாம். வீட்ல வேற யாருக்கும் இருக்கான்னு கேட்டாங்க. ஒங்க செருப்பு நம்பரைச் சொன்னேன். ஆளை அனுப்புன்னுட்டாங்க.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் காலைப் பார்க்காமலே என் காலைப் பற்றிப் பேசுவதா? அன்று சாயந்திரமே சண்டை போடுவதற்காகப் போனேன். கோபமாக நடந்துபோக ஆசைதான், கால் விடவில்லை, நொண்டிக்கொண்டு போனேன். நொண்டிக்கொண்டு வருகிறவன் போடும் சண்டைக்கு என்ன மதிப்பு இருக்கும்? அக்கா கூடையைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

காலை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் கட்டைவிரலால் மேலிருந்து நேராக அழுத்தினார். கொஞ்சம்தான் வலித்தது. பாருங்கள், ஒன்றுமில்லை என்று வெற்றியோடு சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு விரலால் பக்கவாட்டில் சேர்த்துக் கிள்ளினார். நான் போட்ட சத்தத்தில் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பி வந்து பார்த்தது. பூக்கட்டுகிற அம்மா நூலைக் கீழே போட்டுவிட்டார்.

அக்கா அசரவில்லை. நேராக அழுத்தினால் உயிர் போகிறது என்றால் ஆணி, பக்கத்தில் கிள்ளினால் உயிர் போகிறது என்றால் மரு, எதற்கும் போகாமல் அகலமாகத் தடித்துக் கிடந்தால் காய்ப்பு, அதை யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று, கூடியிருந்த அத்தனை பேருக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார். பாடத்துக்கு உபகரணம் என் கால். சிலர் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் போன் வெளிச்சம் அடித்தார்.

“உள்ள கருப்பா பொடிப்பொடியா புள்ளி தெரியுதா? அது மரு. ஆணின்னா நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு முளை நிக்கும்” என்றார்.

அது தார் ரோட்டு அழுக்கு என்றேன். கழுவிவிட்டு வரச் சொன்னார். குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தேன். புள்ளி இருந்தது. மறுபடி போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இருந்தது. மூன்றாவது தடவை நானாகவே போய்க் கழுவினேன். பூக்கட்டுகிற அம்மாவும் போனில் வெளிச்சம் அடித்தவரும்கூட எனக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

“இன்னொண்ணு பாருங்க. நம்ம கைரேகை மாதிரி காலுக்கும் ரேகை இருக்கு. மரு வந்த எடத்துல ரேகை உள்ள போகாது, சுத்திக்கிட்டுப் போகும். ஒங்களுக்குச் சுத்திக்கிட்டுத்தான் போகுது” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வீட்ல கல்யாணமாமே. பாப்பா கையால கால் கழுவுவாள்ல? அது கையில கீறல் கீறல் இருந்தா தொத்திக்கும், சார்.”

கயல் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கைகழுவிக் கழுவி அவள் விரல்கள் எப்போதும் வெடித்துத்தான் இருக்கும். அதுவரை எல்.ஈ.டி. திரைக்குப் பயந்துகொண்டிருந்த எனக்கு, அந்த நிமிஷத்திலிருந்து திரை ஒரு பொருட்டாகவே இல்லை. இந்தக் காலை என் பெண் தொடலாமா கூடாதா என்பது மட்டும்தான் பாக்கி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கிள்ளியதால் வந்தது என்று பூக்கட்டுகிற அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். அவர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு அக்கா சொன்னதையே சொன்னார். பிளேடால் சீவினேன் என்றபோது பேனாவைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் பொதுவான கல்லால் தேய்த்தேன் என்றபோது மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்தார். ஒன்று மூன்றானதற்கும், சரசுக்கு வந்ததற்கும் என் ஒழுங்குதான் காரணம் என்று அப்போது தெரிந்தது. உறையவைத்து எடுக்கலாம், மருந்தும் போட வேண்டும், ஆனால் இத்தனை நாளில் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

உறையவைப்பது என்றால் ஐஸ் வைப்பது என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் படுத்தேன். அதற்கு மேல் அந்த அறையில் நடந்ததை எழுதினால், இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகையில் என் பத்தியைப் படித்துவரும் உங்களுக்கு என்மேல் மிச்சமிருக்கும் மரியாதையும் போய்விடும். நர்ஸம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டு மாதமும் வீட்டில் தனிச் செருப்பு, தனித் துண்டு, தனி வாளி. ஆபீஸ் விட்டு வரும் வழியில் அக்காவிடம் காலைக் காட்டுவது பழக்கமாகிவிட்டது. அவர் பார்த்துவிட்டு, “இன்னும் சுத்துது” என்பார். நான் வீட்டுக்கு வருவேன். சரசுக்குச் சின்னதாக இருந்ததால் சீக்கிரமே போய்விட்டது. எனக்கும் இரண்டு போய்விட்டன. முதலில் வந்த துவரம்பருப்பு மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது.

பாதபூஜையே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கயல் காரணம் கேட்டாள். சொன்னேன். அவள் கையுறை போட்டுக்கொள்கிறேன் என்றாள். முகூர்த்தப் பட்டும் ரப்பர் கையுறையுமாகப் பெண்ணை நினைத்துப் பார்த்த சரசு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொன்னார். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் கடைசியாகக் காட்டலாம் என்று போனால், அவர் தம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போயிருந்தார். கல்யாண வேலையில் அக்காவையும் அந்த வாரம் பார்க்க முடியவில்லை. பத்திரிகை மட்டும் சரசு போய்க் கொடுத்திருந்தாள்.

முகூர்த்தத்தன்று காலையில் பிளாஸ்டரை மாற்றலாம் என்று பிரித்தேன். கைக்கண்ணாடியில் பார்த்தேன். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. என் கண்ணை நம்புவதா? துவரம்பருப்பைப் பார்த்து மேலதிகாரியின் ஆணி என்று சொன்ன கண் அது.

மண்டப வாசலுக்கு வந்தால், அங்கே அக்கா. சாப்பிடப் போகவில்லை, உள்ளே உட்காரவில்லை. நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வாசலில் சிதறிக்கிடந்த விருந்தாளிகளின் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கூடை இல்லை. நான் பட்டுவேட்டியோடு வாசல்படியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். நாதஸ்வரக்காரர்கள் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். உள்ளேயிருந்து பெண்ணின் அப்பாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அக்கா காலை மடியில் வைத்து, போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அழுத்தினார். கிள்ளினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்த வேண்டியிருக்கவில்லை, வலிக்கவில்லை. நகத்தால் அந்த இடத்தில் மெதுவாக ஒரு கோடு போட்டார்.

“ரேகை வந்துருச்சு. நேரா ஓடுது, சுத்தல. புள்ளியும் இல்ல. போங்க, பாப்பா தொடலாம்” என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல்முறையாக.

“அழுவாதீங்க. வீடியோவுல தெரியும்” என்றார்.

மேடையில் கயல் என் காலைத் தாம்பாளத்தில் வைத்துப் பால் ஊற்றினாள். வெடித்த விரல்களால் வெறுங்கையோடு துடைத்தாள். வீடியோ தம்பி சொன்னபடி மண்டபமே அழுதது. என்னைத் தேற்றத்தான் சம்பந்தி மேடை ஏறி வர வேண்டியதாயிற்று.

ஆல்பம் வந்ததும் அதிலிருந்த ஒரு படத்தைத் தனியாகப் பிரதி போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வலது காலும் கயலின் இரண்டு கைகளும் மட்டும் இருக்கிற படம். முகம் இருக்கிற படம் கொடுத்தால் யார் என்று கேட்பாரே. அவர் அதைத் தான் செருப்பு அடுக்குகிற தடுப்பில், சாமி படத்திலிருந்து ஒரு முழம் கீழே தள்ளி மாட்டியிருக்கிறார். போன வாரம் நான் செருப்பை விட்டுக்கொண்டிருந்தபோது, வெளியூர்க்காரர் ஒருவர் அந்தப் படத்தைக் காட்டி, இது யார் கால், ஏதாவது சாமியாரா என்று கேட்டார். அக்கா டோக்கனை எடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“என் தம்பி காலு.”

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. டோக்கனை வாங்கிக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டேன்.